பல் விளக்கும் நாய்

தூங்கு பாப்பு. விடிகாலை நாலு மணிக்கே எழுப்பிவிட்டு, பஸ்ஸில் உனக்குக் கண்ணு சொருகும்போதெல்லாம் மூஞ்சியில் ஈரக்கையைத் தடவி, அவிநாசிக்கு ஒரு பிஸ்கட், கருமத்தம்பட்டிக்கு ஒரு பிஸ்கட் என்று ஆசை காட்டி, கோயமுத்தூர் வரைக்கும் ஒரு பொட்டுத் தூக்கம் தூங்கவிடாமல் கூட்டிவந்த அதே அம்மாதான் இப்போது தூங்கு தூங்கு என்று கெஞ்சுகிறேன். பதினாலு மாசக் குழந்தைக்கு இதிலிருந்து என்ன விளங்கும், நம்ம அம்மாவுக்கு மரை கழண்டுபோச்சு என்றுதான் விளங்கும். நான் என்ன செய்ய, ஆஸ்பத்திரியில் அப்படித்தான் சொல்லி அனுப்பினார்கள். தானாகத் தூங்கினால்தான் காது டெஸ்ட். நெத்தியிலும் காதுக்குப் பின்னாடியும் வயர் ஒட்டி, காதுக்குள் டிக் டிக் என்று சத்தம் விட்டு, அது மூளைவரை போய்ச் சேருகிறதா என்று கோடு போட்டுப் பார்ப்பார்களாம். முழித்திருந்தால் கையைக் காலை ஆட்டுவாள், கோடு கெட்டுவிடும். பதினொன்றரைக்குள் தூங்க வேண்டும். இப்போது பத்து இருபது. பாப்பு என் மடியில் மல்லாக்கப் படுத்துக்கொண்டு மேலே சுத்துகிற ஃபேனைப் பார்க்கிறாள், அதைக் கழட்டி மாட்ட வந்த எலக்ட்ரீஷியன் மாதிரி. சட்டைக் கழுத்தை வாயில் வைத்துச் சப்புகிறாள், சட்டையில் பிரிண்டு போட்டிருக்கிற நாய் நனைகிறது. இந்தச் சட்டையைப் போட்டுக் கூட்டிவந்திருக்கக் கூடாது. வேறு எதுவும் காயலை, அவசரத்தில் கைக்கு வந்தது இதுதான். கைக்கு வந்ததா, நானே தேடி எடுத்தேனா. இவளை எது தூங்க வைக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் செய்ய மாட்டேன். ஒன்றரை மாசமாச்சு அதைப் போனிலிருந்து அழித்து. பதினோரு பாட்டு, மொத்தமாகச் சேர்த்தால் அரைமணி நேரம்கூட இல்லை, ஒரே அமுக்கில் போய்விட்டது. இவளுக்குக் காது கேட்கிறதா கேட்கலையா என்று சொல்ல அந்தக் கதவுக்குப் பின்னால் ஒரு மிஷின் இருக்கிறது. கேட்கலை என்றால், அது என்னாலேயா என்று சொல்ல எங்கேயும் மிஷின் இல்லை. தூங்கு சாமி.

எப்போது இருந்து சந்தேகம் என்று டாக்டர் கேட்டார். எப்போது இருந்து என்று எப்படிச் சொல்வது, மழைக்கு எப்போது இருந்து மேகம் என்று கேட்கிற மாதிரி. ஒன்பதாவது மாசத்தில் ஒரு காலையில் குக்கர் விசில் அடித்தது, நான் தூக்கிவாரிப் போட்டுத் திரும்பினேன், பாப்பு தரையில் உட்கார்ந்து கிண்ணத்தைக் கவிழ்த்துக்கொண்டு இருந்தாள், அவ்வளவுதான். ஒரு நிமிஷம் நின்றேன். இரண்டாவது விசில் வரட்டும் என்று நின்றேன். வந்தது, அவள் திரும்பலை. சரி, விளையாட்டு மும்முரம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுப்பை அணைத்தேன். அப்புறம் பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பமாட்டாள். தக்ஷிதா என்று ஊரையே கூட்டி வைத்த பேருக்கும் திரும்பமாட்டாள், பாப்பு என்றாலும் திரும்பமாட்டாள். ஆனால் கிரைண்டர் போட்டால் திரும்புவாள். தண்ணி லாரி வந்து வாசலில் உறுமினால் கையைத் தட்டுவாள். என் வீட்டுக்காரர் நந்தகோபால் அதைத்தான் பிடித்துக்கொண்டார். "கேக்குதுடி மேகலா. கேக்குது. வேணும்னே திரும்பமாட்டேங்கறா, உன்னாட்டமே." நானும் சிரித்தேன். சிரித்துவிட்டுப் பின்பக்கம் போய், கிரைண்டர் ஓடும்போது தரையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். தரை அதிர்ந்தது. அப்போ காதில் கேட்டுத் திரும்புகிறாளா, உட்கார்ந்த இடம் அதிர்ந்து திரும்புகிறாளா. பத்து நாள் யார்கிட்டேயும் சொல்லாமல் தரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். கடைசியில் என் மாமியார்தான் போட்டு உடைத்தது. ருக்குமணி அத்தை நல்ல மனுஷிதான், எனக்குப் பிரசவத்தில் ஒரு மாசம் வெந்நீர் வைத்து ஊற்றின கை அது, ஆனால் வாய்க்கும் கைக்கும் சம்பந்தமில்லை. குளிக்க வைக்கும்போது பாப்பு காதோரம் சொடக்குப் போட்டுப் பார்த்துவிட்டு, துண்டை உதறிக்கொண்டே சொன்னது: "வளையல் சத்தம் கேக்கவேண்டிய காதுல நாய்ப் பாட்டை ஊத்துனா, காது இப்படித்தான் போகும்." உரக்கக்கூடச் சொல்லலை. புளி தீர்ந்துபோச்சு என்று சொல்கிற மாதிரிதான் சொன்னது.

வளையல். அந்தச் சொல்தான் என்னை விடமாட்டேன் என்கிறது. ஏழாம் மாசம் வளைகாப்புப் போட்டார்கள், இரண்டு கைக்கும் சேர்த்து முப்பத்தாறு கண்ணாடி வளையல், பச்சையும் சிவப்பும். வயித்துக்குள்ளே இருக்கிற பிள்ளைக்கு முதல் முதலாக விழுகிற வெளிச்சத்தம் அதுதான் என்று சொல்லிச் சொல்லிப் போட்டார்கள், பிரசவம்வரை கழட்டக்கூடாது என்றார்கள். நான் நாலாம் நாள் கழட்டினேன். திமிரில் இல்லை. நான் பனியன் கம்பெனியில் செக்கிங், டேபிளில் பீஸை விரித்துக் கையால் நீவி ஓட்டை, கறை, பிரிண்டு கோணல் எல்லாம் பார்க்கிற வேலை. செக்கிங் பிள்ளைகள் வளையல் போட்டு டேபிளுக்கு வரக்கூடாது, துணியில் நூல் இழுத்துவிடும், கண்ணாடி உடைந்து ஒரு சில்லு பீஸுக்குள் போனால் மொத்தப் பெட்டியும் திரும்பி வந்துவிடும். பிரசவம்வரை வேலைக்குப் போவதாக இருந்தேன், அப்போ வளையல் எப்படி. கழட்டி முறத்தில் வைக்கும்போது சங்கடமாகத்தான் இருந்தது, பாவம் உள்ளே இருக்கிறவளுக்கு ஒரு சத்தமும் இல்லாமல் போகுதே என்று. அதனால்தான் வயித்தில் ஹெட்போன். அதனால்தான். நாய் ஆர்டர் என்று நாங்கள் சொல்கிறது ஒன்று வருஷா வருஷம் வரும், வெளிநாட்டுப் பாட்டுக் கோஷ்டி ஒன்றின் டீ-சர்ட். நெஞ்சில் ஒரு நாய் கண்ணாடி முன்னாடி நின்று பல் விளக்கும். ‘பேட் டீத் சம்மர்’ என்று ஆல்பம் பேர், முப்பது வருஷத்துக்கு முன்னாடி வந்தது, நான் பிறப்பதற்கே முன்னாடி. பாட்டு எப்படி இருக்கும் என்று தெரியாமலேயே மூணு வருஷம் நாயைத் தடவிக்கொண்டு இருந்தேன். ஆனால் சைஸ் எல்லாம் சொல்லிவிடும். நான் சேர்ந்த புதுசில் அதிகம் லார்ஜ், எக்ஸெல். அப்புறம் டபுள் எக்ஸெல், ட்ரிபிள் எக்ஸெல் கூடிக்கொண்டே வந்தது. பதினைந்து வயசில் கேட்டவனுக்கெல்லாம் தொப்பை போட்டுவிட்டது, இருந்தும் சட்டையை விடமாட்டேன் என்கிறான் என்று நாங்கள் சிரிப்போம். அப்புறம் ஒரு வருஷம் திடீரென்று ஸ்மால் கொட்டோ கொட்டென்று வந்தது. தினகரண்ணா, எங்கள் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டுக் கம்பெனியோடு ஆர்டர் பேசுகிறவர், "அவனுக பிள்ளைகளும் கேக்க ஆரம்பிச்சிட்டாங்க மேகலா" என்றார். நான் டேபிளில் இருந்த கடைசித் தடவை ஆறு மாசக் குழந்தைக்குக்கூட வந்தது. எதுவுமே இரண்டு சீசனுக்கு மேல் நிற்காத ஊர் எங்களது, பூப்போட்டது போகும், கோடுபோட்டது வரும், நாய் மட்டும் போகவே இல்லை. ஒருநாள் தினகரண்ணா மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் ஸ்பீக்கரைக் கொண்டுவந்து டேபிளில் வைத்தார். "தெனமும் நாயைப் பாக்கறீங்களே, அது எப்படிக் குரைக்கும்னு கேளுங்க. இதுக்குப் பேரு பாப்-பங்க்." சுமதியக்கா, "பங்க்குன்னா பெட்ரோல் போடுவாங்களாண்ணா?" என்றாள். போட்டார். ஒரே இடி. மூணு பேர் மூணு பக்கம் பார்த்துக் கத்துகிற மாதிரி. எல்லோரும் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள், எனக்கு மட்டும் மூணாவது பாட்டில் சிரிப்பு நின்றுபோனது. முதலில் அடித்தொண்டையில் உறுமுகிற கிடார் ஒன்று தனியாக நடந்து வந்தது, டூம் டூம் டுடும், தார்ரோட்டில் செருப்பில்லாமல் ஓடி வருகிற மாதிரி. அப்புறம் டிரம் சேர்ந்துகொண்டது. பாடுகிற பையன் கத்தினான். நடுவில் எல்லாம் ஒரேயடியாக நின்றது, ஒரு மூச்சு நேரம், அப்புறம் கூரை பிரிந்து விழுகிற மாதிரி மொத்தமும் மேலே விழுந்தது. என்ன சொல்கிறான் என்று கேட்டேன். தினகரண்ணா யோசித்து யோசித்துச் சொன்னார்: "வேலைக்குப் போகப் பயமா இருக்கு, வீட்டுக்குப் போகப் பயமா இருக்கு, பயத்துல குதிக்கறேன், பாக்கறவன் டான்ஸ்ங்கறான்னு சொல்றான்." அவ்வளவுதானா என்றேன். அவ்வளவுதான் என்றார். கல்யாணம் முடிந்து மூணு மாசம் அப்போ எனக்கு. எல்லோரும் என்னைக் கலகலப்பான பிள்ளை என்பார்கள். நானும் குதித்துக்கொண்டுதான் இருந்தேன்.

பத்து ஐம்பது. பாப்பு எழுந்து உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து நாற்காலி அக்கா பேர் பானு, உக்கடத்தில் இருந்து வந்திருக்கிறார்கள், அவர்கள் பிள்ளை ஆஃப்ரினுக்கு ஏழு வயசு, இரண்டு காதிலும் ரோஸ் கலரில் மிஷின். அந்தப் பிள்ளை வந்து பாப்பு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து சட்டையையே பார்க்கிறது. "அக்கா, இந்த நாய் எதுக்கு விரல்ல பல்லு தேய்க்குது?" அது விரலில் தேய்க்கலை, பிரஷ் இருக்கும், மஞ்சள் பிரஷ், இந்தப் பீஸில் மஞ்சள் மட்டும் பிரிண்டு விழலை. பிரிண்டு விழாததால்தான் இது ஷிப்மெண்டுக்குப் போகாமல் என்கிட்டே வந்தது. பிள்ளை பிறந்தால் போடு என்று தினகரண்ணா கொடுத்தார். அப்போது பெரியதாக இருந்தது, இப்போது தோளில் பட்டனே மாட்ட மாட்டேன் என்கிறது. "பிரஷ்ஷை யாரோ திருடிட்டுப் போயிட்டாங்க கண்ணு" என்றேன். ஆஃப்ரின் விழுந்து விழுந்து சிரிக்கிறது. நல்லாத்தான் பேசுகிறது பிள்ளை, ஆனால் ‘ச’ வருகிற இடமெல்லாம் கொஞ்சம் கரைந்துபோய் வருகிறது, சர்க்கரை தண்ணியில் கரைந்த மாதிரி. அதை நான் கவனித்ததை பானு அக்கா கவனித்துவிட்டார்கள். எனக்கு மூஞ்சி சூடானது. பிரிண்டு பார்க்கிற கண்ணு, எங்கே போனாலும் குறையைத்தான் முதலில் பார்க்கும், என்ன பிறவி நான். பானு அக்கா கோபிக்கலை. "மூணு வயசுலதான் கண்டுபிடிச்சோம்மா. நீ பதினாலு மாசத்துலயே வந்துட்ட. கெட்டிக்காரி." என்றார்கள். அப்புறம், "தூங்க வைக்க என்ன பாடுவ? அதைப் பாடு." "பாட்டு கேக்குதான்னு பாக்கத்தானேக்கா வந்திருக்கோம்." இரண்டு பேரும் வாய்விட்டுச் சிரித்தோம், வரிசையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள், பாப்பு திரும்பலை. சிரிப்பு அப்படியே பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்து என் வீட்டுக்காரர் போன். "தூங்கிட்டாளா?" "நீங்க இப்படி அடிச்சா எப்படித் தூங்குவா? போன் சத்தத்துல முழிச்சுக்கப் போறா." "முழிச்சுக்கிட்டா எனக்குச் சந்தோசம்தான்டி" என்றார். அவர் வேலை செய்கிற டேபிளில் அயர்ன் பாக்ஸ் ஆவி விடுகிற சத்தம் புஸ் புஸ் என்று கேட்டது. இந்த புஸ்ஸு பாப்புவுக்குக் கேட்குமா என்று நினைத்தேன். இப்போதெல்லாம் எதைக் கேட்டாலும் இதுதான் அடுத்த நினைப்பு. செருப்புத் தேய்கிற சத்தம், இது கேட்குமா. பேப்பர் கிழிகிற சத்தம், இது. நான் அழுகிற சத்தம், இது.

பதினொன்று ஐந்துக்கு சிஸ்டர் எட்டிப் பார்த்து, "இன்னும் முழிச்சிட்டிருக்காளா? பதினொன்றரைக்கு மேல அடுத்த ஆளைக் கூப்பிட்டுருவோம்மா. அப்புறம் அடுத்த மாசம் பதினேழாம் தேதிதான்" என்றாள். அடுத்த மாசமா. இன்னும் ஒரு மாசம் தரையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, அத்தை துண்டை உதறுவதைப் பார்த்துக்கொண்டு. பால் கொடுத்தேன், குடித்தாள், தூங்கலை. தட்டினேன், தூங்கலை. தோளில் போட்டு வராந்தாவில் நடந்தேன். ஜன்னல்வரை போய்த் திரும்பி, கதவுவரை வந்து திரும்பி. இதே மாதிரிதான் செக்கிங் டேபிளுக்கும் பாத்ரூமுக்கும் நடந்தேன் எட்டாம் மாசத்தில். ஹெட்போனை வயித்தில் வைத்து சுரிதார் நாடாவால் கட்டிக்கொள்வேன், சத்தத்தை முழுசாகத் திறந்துவிட்டு. முழுசாக. பாதி வைத்திருந்தால் போதுமே, யார் கேட்டார்கள் முழுசாக. மூணாவது பாட்டில் எல்லாம் நின்று மறுபடி விழுகிற இடம் இருக்கிறதே, அந்த இடத்தில் உதைப்பாள். ஒருதரம் இரண்டுதரம் இல்லை, தினமும். மத்தியானம் பிள்ளைகளெல்லாம் சோத்துப் போசியோடு என்னைச் சுத்தி நிற்பார்கள், நான் விரலைத் தூக்கிக் காட்டுவேன், இப்பப் பாரு, இப்ப, இப்ப, டம், வயிறு ஒரு பக்கமாகக் கோணும், எல்லோரும் கத்துவார்கள். சுமதியக்கா, "ரவுடி பொறக்கப் போறாடி" என்பாள். எனக்குப் பெருமை பிடிபடாது. அது சந்தோசத்தில் உதைத்ததா. வேண்டாம் வேண்டாம் என்று உதைத்ததா. உள்ளே இருந்து கையைக் கொண்டுபோய்க் காதைப் பொத்தத் தெரியாமல் காலால் உதைத்ததா. இந்த நினைப்பு வந்த அன்றைக்குத்தான் பதினோரு பாட்டையும் அழித்தேன். பதினொன்று பதினாலு. மன்னிச்சுக்க சாமி. பாப்புவை நெஞ்சோடு சேர்த்து, அவள் காது என் நெஞ்செலும்பில் படுகிற மாதிரி அணைத்து, வாயைத் திறக்காமல் அடித்தொண்டையில் ஆரம்பித்தேன். டூம் டூம் டுடும். டூம் டூம் டுடும். முதுகில் உள்ளங்கையால் டிரம். நடந்துகொண்டே. ஒரு சுத்து, இரண்டு சுத்து. நாலாவது சுத்தில் தலை கனத்தது. எல்லாம் நிற்கிற இடத்துக்கு நான் போகவே இல்லை, அதுக்கு முன்னாடியே மூச்சு நீளமாகிவிட்டது. தூங்கிவிட்டாள். பாட்டுக்குத் தூங்கினாளா, நெஞ்சு அதிர்ந்ததற்குத் தூங்கினாளா, விடிகாலை எழுந்த அலுப்பில் தூங்கினாளா. பானு அக்கா தூரத்தில் இருந்து கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்கள்.

உள்ளே சுவரெல்லாம் மெத்தை வைத்துத் தைத்த மாதிரி ஓர் அறை. வெளிச்சத்தம் எதுவும் வராது, என் மூச்சே எனக்குப் பெரிசாகக் கேட்டது, கதவை மூடினதும் பருத்தி மூட்டைக்குள் விழுந்த மாதிரி. ஜெசிந்தா மேடம், காது டெஸ்ட் செய்கிறவர், என் வயசை விட நாலைந்து வயசுதான் கூட இருக்கும், நெத்தியில் ஏதோ பசை தேய்த்து வயர் ஒட்டினார், பாப்பு அசையலை. காதுக்குள் சின்னப் பஞ்சுக் குழாய். கம்ப்யூட்டரில் கோடு ஓட ஆரம்பித்தது. எனக்கு எதுவும் கேட்கலை, எல்லாம் இவள் காதுக்குள்ளே நடக்கிறது, என் மடியில், எனக்குத் தெரியாமல். வயித்தில் இருந்தபோதும் அப்படித்தான். கோடு மேலே ஒன்று, கீழே ஒன்று, நடுங்கி நடுங்கிப் போகின்றன, ஓவர்லாக் மிஷினில் நூல் விட்டுப்போன தையல் மாதிரி. நல்லதா கெட்டதா. மேடம் மூஞ்சியைப் பார்த்தேன். எங்கள் கம்பெனிக்கு பையர், சரக்கு வாங்குகிற வெளிநாட்டுக்காரன், வந்து பீஸை விரித்துப் பார்க்கும்போது நாங்கள் எல்லாம் இப்படித்தான் அவன் புருவத்தையே பார்த்துக்கொண்டு நிற்போம். இந்த மூஞ்சியில் ஒன்றும் இல்லை. ஒரு பட்டனை அமுக்கினார், மறுபடி ஓட்டினார். இன்னொரு தரம். ஒரே இடத்தை எதற்கு மூணு தரம் பார்க்கிறார். நாங்கள் ஒரு பீஸை மூணு தரம் புரட்டினால் அது டேமேஜ். நல்ல பீஸை யாரும் மூணு தரம் புரட்டமாட்டார்கள். மடி மரத்துப்போனது. நாய்ப் பாட்டுப் பாடின அந்த மூணு பசங்களுக்கும் இப்போது ஐம்பது வயசாம், பேத்தி பேரன்கூட இருக்கலாம், இன்னமும் மேடையில் ஏறி அதே பயத்தைக் குதிக்கிறார்களாம், அவனவன் தொப்பையும் பிள்ளையுமாக வந்து கூடவே குதிக்கிறானாம். முப்பது வருஷமாகப் போகாத பயம் என்ன பயம் அது. எனக்கு இது போகுமா. பாப்பு ஸ்கூலுக்குப் போகும்போது, ரோட்டைக் கடக்கும்போது, பின்னால் வருகிற வண்டி ஹாரன் அடிக்கும்போது. மேடம் வேறு ஏதோ மாற்றினார், மறுபடி ஓட்டினார். கோட்டில் ஓர் இடம் மேடு கட்டின மாதிரி எழும்பியது. மேடம் புருவம் அசைந்தது. நான் பார்த்தேன், அசைந்தது.

"அம்மா, பொறுமையா கேளுங்க" என்றார் மேடம். பொறுமையா கேளுங்க என்றாலே எனக்குப் பாதி தெரிந்துவிட்டது. "கூர்மையான, மெல்லிசான சத்தம் ரெண்டு காதுலயும் கொடுத்துப் பாத்தேன். நல்லா ஏத்திக் கொடுத்தும் பதில் வரலை. இந்த இடம் பாருங்க, கோடு எழும்பணும், எழும்பலை. அப்புறம் கனமான சத்தம் கொடுத்தேன். இங்க பாருங்க, எழும்புது. மத்தவங்களுக்கு விழற அளவு இல்லை, ஆனா விழுது." நான் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தேன், ஆட்டுவதை நிறுத்தத் தெரியலை. பிறகு எனக்குள் இருக்கிற செக்கிங் பிள்ளை முழித்துக்கொண்டாள், இந்த டேபிளில் நல்ல பீஸ், அந்த டேபிளில் டேமேஜ், பிரித்து வைத்தால்தான் அவளுக்கு நிம்மதி. "மேடம், குக்கர் விசில்?" "கேக்காது." "கிரைண்டர்?" "கேக்கும், சன்னமா." "தண்ணி லாரி?" "கேக்கும்." "கண்ணாடி வளையல்?" மேடம் நிமிர்ந்து பார்த்தார். "அது ரொம்ப மெல்லிசு. கேட்டிருக்காது." அதுக்கு அடுத்து கேட்கவேண்டியதை விட்டுவிட்டு வேறு எதையெல்லாமோ கேட்டேன், குருவி, கதவு மணி, மிக்ஸி. கடைசியில் அதுவும் வந்துவிட்டது. "என் குரல் எந்தப் பக்கம் மேடம்?" அவர் கோட்டை இன்னொரு தரம் பார்த்துவிட்டுச் சொன்னார். "நடுவுல. பக்கத்துல இருந்து பேசினா விழும், ஆனா வார்த்தையா விழாது. மேல்பாதி உதிர்ந்துபோய், கீழ்ப்பாதி மட்டும்." பதினாலு மாசம். பாப்பு பாப்பு என்று எத்தனை ஆயிரம் தரம். எல்லாம் உதிர்ந்து உதிர்ந்து என் காலடியிலேயே விழுந்திருக்கிறது. அதுக்கு மேல் மறைக்கத் தெம்பில்லை. ஹெட்போனைச் சொன்னேன், நாடாவைச் சொன்னேன், முழுச் சத்தத்தைச் சொன்னேன், வளையலைக் கழட்டினதைச் சொன்னேன், அத்தை சொன்னதையும் சொன்னேன். "என்னாலயா மேடம்?" மேடம் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "வயித்துல ஹெட்போன் வைங்கன்னு நான் யாருக்கும் சொல்லமாட்டேன். ஆனா இதுக்கு அதுதான் காரணம்னும் சொல்லமாட்டேன். காரணம் தேட வேற டெஸ்ட்டெல்லாம் இருக்கு, எடுப்போம், பாதிப் பேருக்குத் தெரியவே தெரியாது. ஒண்ணு சொல்றேன் கேளுங்க. வயித்துக்குள்ள தண்ணிக்கு நடுவுல இருக்கறப்ப மெல்லிசுச் சத்தமெல்லாம் வழியிலயே வடிஞ்சிரும். கனமானதுதான் உள்ள போய்ச் சேரும். டிரம் இருக்குமா அந்தப் பாட்டுல?" டிரம் இருக்குமாவா. "டிரம்மும் அடித்தொண்டைக் கிடாரும்தான் மேடம் பாட்டே" என்றேன். "அப்ப அது இவளுக்குக் கேட்டிருக்கு. இப்பவும் கேக்கும்." அப்போ பையன் கத்தினது கேட்டிருக்காது. வார்த்தை கேட்டிருக்காது. அரசாங்கப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு படித்த எனக்கும் அதில் ஒரு வார்த்தை புரிந்ததில்லை. இரண்டு பேரும் ஒரே பாட்டைத்தான் கேட்டிருக்கிறோம், நாடாவுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள், வார்த்தையில்லாத பாட்டு.

மனசு லேசாகிவிட்டதா என்றால் இல்லை. வெளியே வந்து உட்கார்ந்தால் பழைய இடத்திலேயே கல் இருக்கிறது, கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்திருக்கிறது, அவ்வளவுதான். காரணம் தெரியாது என்றால் என்னால் இல்லை என்று அர்த்தமா. அத்தைக்கு எப்படிச் சொல்வது, வளையலைக் கழட்டாமல் இருந்திருந்தாலும் இவளுக்கு அது விழுந்திருக்காது என்று சொன்னால் கேட்குமா, அதுக்கும் ஒன்று சொல்லும். தினகரண்ணாவுக்குப் போன் போட்டேன். "அண்ணா, நாய்ப் பாட்டைத் திரும்ப அனுப்புங்க, பதினொண்ணும்." "எதுக்குப் புள்ள அழிச்ச? பாப்பா எப்படியிருக்கா?" முதல்ல பாட்டை அனுப்புங்கண்ணா என்றேன். அவரும் பேச்சை மாற்றினார். "நாய் மறுபடி வந்திருக்கு, தெரியுமா? இந்தத் தடவை மூணு மாசக் குழந்தையில இருந்து ஃபைவ் எக்ஸெல் வரைக்கும். நீ எப்ப டேபிளுக்கு வர்ற?" வருகிறேன் என்று சொல்லி வைத்தேன். சிஸ்டர் கூப்பிட்டாள், காதுக்கு அளவு எடுக்க வேண்டுமாம், மிஷின் மாட்டுகிற மூடி செய்ய. முழித்துக்கொண்ட பாப்புவை மடியில் இருத்தி, தலையை என் நெஞ்சில் சாய்த்துப் பிடித்தேன். ஊதாக் கலரில் ஏதோ மாவு, பரோட்டா மாவு மாதிரி பிசைந்து காதுக்குள் விட்டார்கள், அது இறுகும்வரை அஞ்சு நிமிஷம் தலை ஆடக்கூடாது. ஆஃப்ரின் வாசலில் நின்று, "ஜில்லுனு இருக்கும் பாப்பா, அழாத" என்கிறது. பாப்பு வீறிட்டாள். எனக்குத் தெரிந்த எல்லா வார்த்தையும் வாய்வரை வந்தது, கண்ணு, சாமி, அம்மிணி, அம்மா இருக்கேன். எதுவும் விழாது, மேல்பாதி உதிர்ந்துவிடும். வார்த்தையை விட்டேன். குரலை இறக்கினேன், இன்னும் இறக்கினேன், என் குரல்தானா என்று எனக்கே தெரியாத ஆழத்துக்கு. டூம் டூம் டுடும். சிஸ்டர் திரும்பிப் பார்த்தாள், பார்க்கட்டும். டூம் டூம் டுடும். நெஞ்செலும்பு அதிர்ந்தது. அழுகை விக்கலாகி, விக்கல் மூச்சானது. பையன் கத்துகிற இடம் வந்தது, அங்கே பாப்பு பாப்பு என்று அதே ஆழத்தில் போட்டேன். பிறகு எல்லாம் நிற்கிற இடம். நிறுத்தினேன். ஒரு மூச்சு நேரம். மறுபடி பாட்டுக்குள் விழுந்தேன், டம், என் தொடையில் அவள் கால் உதைத்தது. மாவு ஜில்லென்றதற்கா, பாட்டுக்கா, எனக்குச் சொல்லத் தெரியலை. முதலில் இருந்து ஆரம்பித்தேன்.